மாமியாரை எப்படி ஏற்றுவது?

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டிய ஸ்டேஷனுக்கு அனுப்பி வைங்கம்மா. ஊர்லேர்ந்து மாமியார் வர்றாங்க."

சிமெண்ட் கடை முதலாளி போனை வைத்ததிலிருந்து வசூல் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த இலவச டயாலிசிஸ் நிலையத்துக்கு நன்கொடை திரட்டுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். முதலாளி போன மாதம்தான் நிலையத்துக்கு ஒரு வேன் கொடுத்திருந்தார். அதுவரை நோயாளிகள் சிகிச்சை முடிந்த கையோடு, தலைசுற்றலோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். சாவி கைக்கு வந்த அன்றே அக்கா நன்கொடை ரசீதைக் கொடுத்துவிட்டாள். எதையும் ஆறப்போடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

நிலையத்துக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடம் ஓடினாள்.

"ஒரே ஒரு தடவை அனுப்பலாமா சார்?"

"குடுத்தவரே திரும்ப எடுத்து ஓட்டினா அதுக்குப் பேர் நன்கொடையா? ரசீது செல்லாது. அவருக்கு வரிச்சலுகை போகும், நமக்கு வரிவிலக்கே போகும். அப்புறம் எவன் குடுப்பான்?"

"அனுப்பலைன்னா கோவிச்சுக்கிட்டு வண்டியத் திருப்பிக் கேட்டுடுவாரு சார்."

"கேக்கட்டும்" என்றார் ஆடிட்டர். அவர் பஸ்ஸில் தொங்கியவர் இல்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. வாடகை வாங்கிக்கொண்டால் என்ன? கேட்டதும் முதலாளி மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"நாம என்ன டாக்ஸியா ஓட்டுறோம்?" ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது வியாபாரம். தர்மக் கணக்குல எங்க கொண்டுபோய் எழுதுறது?"

பணத்தைத் திருப்பி அனுப்பினாள். முதலாளி வாங்கவில்லை. "பரவால்லம்மா, அதையும் நன்கொடையா வச்சுக்கிட்டு ஒரு ரசீது போட்டுடுங்க" என்றார்.

ஆடிட்டர் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேசினார். "பதிலுக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டுக் குடுத்தா அது தானமில்லம்மா, கூலி. அதுக்கு ரசீது போட்டா நாம ரெண்டு பேரும் போய்ப் பதில் சொல்லணும்."

"அப்ப மாமியாரை நோயாளியா ஏத்திக்கலாமா சார்?"

"அவங்களுக்கு கிட்னி கெட்டுப்போச்சா?"

"தெரியலையே. கேட்டுப் பாக்குறேன்."

கேட்டே விட்டாள். "எங்க மாமியாருக்கு எதுவும் கெட்டுப்போகாதும்மா" என்று முதலாளி பெருமூச்சு விட்டார்.

கடைசியில் அக்காவுக்கு ஒரு வழி தோன்றியது. "தொண்டு செய்ய வர்றவங்க வண்டியில ஏறலாமில்ல சார்?"

ஆடிட்டர் மறுக்கக் காரணம் தேடினார். அகப்படவில்லை. "ஏறலாம். ஆனா சும்மா உக்காந்து வரக்கூடாது, வேலை செய்யணும். நானே கூட வந்து பாப்பேன்."

முதலாளிக்கு நிம்மதி. "என்ன வேணா பண்ணிக்கோங்க, ஏத்திக்கிட்டு வந்தா சரி. ஒண்ணு மட்டும். வேன் மேல நிலையத்துப் பேர் எழுதியிருக்கீங்களே, அத ஒரு துணி போட்டு மறைச்சுடுங்க. நான் குடுத்தது வெளிய தெரியறது எனக்குப் பிடிக்காது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர். உடனே போர்வை தேடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் ஸ்டேஷனில் போய் நின்றது. முன் சீட்டில் ஆடிட்டர். பின்னால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தையற்காரரும் ஒரு வாத்தியாரம்மாவும். பெட்டியோடு ஏறிய மாமியாரின் கழுத்தில் அக்கா 'தொண்டர்' அட்டையை மாட்டி, கையில் பிளாஸ்கைத் திணித்தாள்.

"கீழ வச்சுடாதீங்கம்மா. ஆடிட்டர் பாக்குறாரு."

மாமியார் பிடித்துக்கொண்டார். அடுத்த தெரு திரும்புவதற்குள் தையற்காரர் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"யாரும்மா இவங்கள்லாம்? மாப்பிள்ளை எங்க?"

வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். வீட்டு மனுஷியிடம் மறைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. "வீட்டுல காத்துக்கிட்டிருக்காரும்மா. இவங்க எங்க நோயாளிங்க. இந்த வண்டிய எங்களுக்குத் தானமாவே குடுத்துட்டாரு உங்க மாப்பிள்ளை. இவங்க இப்ப பஸ்ல அல்லாடாம வீடு போய்ச் சேர்றாங்கன்னா அவரு புண்ணியம்தான்."

ஆடிட்டர்கூட முதல் முறையாகத் திரும்பிச் சிரித்தார். "சுத்தமான நன்கொடைங்க. சட்டப்படி ஒரு குறை சொல்ல முடியாது."

மாமியார் வேனை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். தையற்காரரின் தலை சரிந்துவிடாமல் தோளைச் சரிசெய்துகொண்டார். பிளாஸ்கை இன்னும் கீழே வைக்கவில்லை.

"ரசீது யார் பேருல போட்டீங்க? வண்டி என் பேருலதானே இருக்கு."