அயிரை மீனைத் தேடிப்போன சி.ஐ.டி.

எங்கள் தெருவில் சி.ஐ.டி. சந்தேகப்படாத உயிர் எதுவும் கிடையாது. தெருநாய் வாலை ஆட்டினால்கூட, “ஏலே, என்ன காரியமா ஆட்டுற?” என்று நின்று விசாரிப்பார். வேடசந்தூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் அவருக்கு நாங்கள் இட்ட பெயர் அது.

அயிரை மீன் குழம்பென்றால் அவருக்கு உயிர். ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தடியில் துண்டை விரித்துப் பிடிப்பார். அந்த வருஷம் ஓர் அயிரைகூடச் சிக்கவில்லை. யாரோ ஒட்டுமொத்தமாக அள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கை குலுக்கி, குலுக்கிய கையை மோந்து பார்த்தார்.

என் கையையும் விடவில்லை. “என்னமோ மணக்குதே தம்பி?”

“பெருங்காயம்ணே. இன்னைக்கு ரசம்.”

“ரசமா? சரி, நம்புறேன்,” என்றார், நம்பாமல்.

அடுத்த மழைக்கு ஆறு டீ போலச் செக்கச்செவேலென்று வந்தது. “மேல எவனோ எதையோ கலக்குறான். சாட்சிக்கு வா,” என்று என்னைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு, பாலத்திலிருந்து கரையோரமாக மேலே நடந்தார்.

ஓரிடத்தில் கரை உடைந்து, சிவப்புச் சேறு ஆற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தண்ணீர் ஓரளவு தெளிவு. சி.ஐ.டி. உடைப்புக்குக் கீழே குனிந்து ஆற்றுக்குள் கையை விட்டார். மணலுக்குமேல் மாவு மாதிரி சேறு படிந்திருந்தது.

“மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற மீனு தம்பி. இம்புட்டுச் சேறு மூடுனா எப்பிடி மூச்சு விடும்? எந்தப் பாவி தோட்டம் இது? கரைப் புல்லையெல்லாம் செதுக்கிட்டு, சரிவோட உழுதிருக்கான் பாரு.”

தோட்டத்துக்கு எப்போதும் ரோட்டு வழியாகவே வருகிறவர் அவர். ஆற்றுப் பக்கமிருந்து பார்த்ததில்லை.

“உங்க தோட்டந்தாண்ணே,” என்றேன்.

குடையை என் கையில் கொடுத்துவிட்டு, செத்த நேரம் மழையிலேயே நின்றார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தூரத்தில் தெரிந்த தன் மோட்டார் ரூமைப் பார்த்தார்.

கிராம சபையில் எழுந்து, “ஆத்தைக் கெடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றார். கூட்டத்தில் பலர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். “நாந்தேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே சரிவுக்குக் குறுக்கே உழுதார். கரையோரம் கொழுக்கட்டைப் புல் நட்டார். மண் ஓடுவது குறைந்திருக்கிறது. அயிரை இன்னும் வரவில்லை. புல் ஒழுங்காக வேலை பார்க்கிறதா என்ற சந்தேகத்தில், மழை பெய்தால் கரையில் போய் நின்றுவிடுகிறார்.

வானம் இருட்டினால் நானும் கிளம்பிவிடுகிறேன். கரை வழுக்கும், மனுஷன் தனியாக நிற்பாரே.