வினைச்சொல்லுக்குக் காவல்

வெர்ப் காவலர் என்றொரு இனம் உண்டு. சர்க்கார் சம்பளம் கிடையாது, உடுப்பு கிடையாது, ஆனாலும் ராப்பகலாக டியூட்டி. வெள்ளைக்காரன் கப்பலேறும்போது தன் பாஷையின் சாவிக்கொத்தை இவர் மடியில் கட்டிவிட்டுப் போனதாக நினைப்பு.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் ஒருவர் வாய்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. ஆத்மநாதன். டிட் வந்தால் பின்னால் வெண்ட் வரக்கூடாது, ஹீ என்றால் வெர்ப்புக்கு எஸ் போட்டே ஆக வேண்டும், நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோல் சொன்னால் பாவம் என்று பஸ்ஸுக்கு நிற்பவனிடமும், சவரக் கத்திக்குக் கன்னத்தைக் கொடுத்துவிட்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பவனிடமும் உபதேசிப்பார். ஊருக்கு இழவுத் தந்தி வந்தால் முதலில் வாங்குகிற கை இவருடையது. ‘ஃபாதர் எக்ஸ்பயர்ட்’ என்றிருக்கும். “ஹாஸ் எங்க போச்சு?” என்பார். செத்தவருக்கு மற்றவர்கள் அழுதுகொள்வார்கள்.

இவரை ஊர் விரட்டியிருக்கும் என்கிறீர்களா? நன்றாயிருக்கிறதே! அதிகாரி யார் வந்தாலும் குறையை இங்கிலீஷில்தான் சொல்வது, அதை ஆத்மநாதன்தான் சொல்வது, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று ஊர்க்கூட்டத்தில் ஏற்பாடே செய்திருந்தோம். தமிழில் சொன்னால் மதிப்பு இல்லையாம்.

ஐம்பத்தேழில் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. கண்மாய்க் கரை ஓரிடத்தில் கசிய ஆரம்பித்தது. நேர் கீழே உண்ணாமலையின் வயல். புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த நெல்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. தகவல் தெரிந்து ஓவர்சீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் லாரியில் மணல் மூட்டைகள். மனிதர் தஞ்சாவூர்க்காரர்.

“எந்த இடத்துலங்க கசியுது?” என்று அழகான தமிழில் கேட்டார்.

ஊரே ஆத்மநாதனைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். “சார், தி பண்ட்...” என்றார். பண்ட் என்றால் கரை. அங்கேயே நின்றார். கசிகிறதா, கசிந்துகொண்டிருக்கிறதா, நேற்றிலிருந்து கசிந்துகொண்டே வந்திருக்கிறதா? மூன்றுக்கும் வேறு வேறு வெர்ப் அல்லவா?

உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அங்கிட்டு...” என்று கையைத் தூக்கினாள்.

“சும்மா இரு ஆத்தா. டென்ஸ் பாத்துக்கிட்டிருக்கேன்ல.”

பெரியவர்கள் அவளை முறைத்தார்கள். கை இறங்கிவிட்டது. ஓவர்சீயர் மழையில் நனைந்துகொண்டு இவர் வாயையே பார்த்தார். அதற்குள் அடுத்த ஊர்க்காரன் ஓடிவந்து, தங்கள் கரை உடையப் போகிறதென்று கூவினான். “இங்க ஒண்ணும் அவசரமில்ல போலிருக்கு” என்று ஓவர்சீயர் ஜீப்பில் ஏறினார். லாரியும் போய்விட்டது.

விடிவதற்குள் கரை உடைந்தது. உண்ணாமலையின் வயலில் நெல் நின்ற இடமெல்லாம் மணல். அவள் ஆத்மநாதன் வாசலில் போய் நின்றாள்.

“அந்தா கசியுதுன்னு கையக் காட்டியிருந்தாக்கூடப் போதுமேங்க. ஏன் வாயத் தொறக்கல?”

“தப்பாச் சொல்லியிருந்தா ஊர் மானம் என்னாகுறது?” என்றார். திண்ணையில் இருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் போன வாரம் டாக்டர் அறைக்குள், அவரும் தமிழர்தான் என்று தெரிந்தும், ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு நின்றீர்களே, அது யார்? உங்களுக்குப் பின்னால் ஒருத்தி காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு நின்றாள். “கொஞ்சம் இரும்மா” என்று அவளிடம் மட்டும் தமிழில் சொன்னீர்கள்.