அரக்கு வைத்த வானொலி

கப்பலில் வேலை பார்க்கும் கணவரோடு பேச ஆசைப்பட்டதைத் தவிர அந்தப் பெண்மணி வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

கணவனுக்கும் மனைவிக்கும் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் பொழுதுபோக்கு, என்றால் உயிர். நடுக்கடலில் போன் எடுக்காது. வானொலி அலை எடுக்கும். மென்பொருள் எழுதுவது மனைவியின் பிழைப்பு என்பதால், வானொலிப் பெட்டி வாங்காமல், கம்ப்யூட்டரையே வானொலியாக்கும் மென்பொருளை எழுதினார். அலையைப் பிடிக்க ஒரு துண்டு, இரைச்சலை வடிகட்ட ஒன்று, குரலைப் பிரிக்க ஒன்று, பேச்சை அனுப்ப ஒன்று. தனித்தனியாகக் கழற்றலாம், மாட்டலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும், போனிலும்கூட. விரல் நீளத்தில் ஒரு கருவியைச் செருகினால் போதும்.

லேப்டாப்போடு உரிம அலுவலகம் போனார்.

"பெட்டி எங்கேம்மா?" என்றார் ஆய்வாளர்.

"பெட்டி கிடையாது சார். எல்லாம் மென்பொருள்தான், நாலு துண்டு."

"வானொலின்னா அரக்கு முத்திரை வைக்கணும். அது விதி. மென்பொருள்ல எங்க வைக்கிறது?" யோசித்தார். "நாலு துண்டுன்னு சொன்னீங்களே, வடிகட்டி மட்டும் தனியா வானொலியா?"

"இல்ல சார்."

"அனுப்புற துண்டு?"

"அதுவும் இல்ல."

"அப்ப வானொலியே இல்லாத நாலு பொருளுக்கு வானொலி உரிமம் கேக்குறீங்க!"

"சேர்த்தா வானொலி சார்."

"சேர்க்கணும்னா உரிமம் வேணுமே."

வேறு வழியின்றி, ஆய்வாளரின் கம்ப்யூட்டரிலேயே மென்பொருளை ஏற்றிக் கருவியைச் செருகிக் காட்டினார். கரகரப்புக்கு நடுவே கணவரின் குரல்: "கேக்குதா? யாராவது இருக்கீங்களா?"

பெண்மணி மைக்கை நோக்கிக் குனிந்தார். "ஒரு வார்த்தை பதில் சொல்லிக்கட்டுமா சார்?"

"உரிமம் இல்லாம வாயைத் திறந்தா குற்றம்மா."

அப்போதுதான் ஆய்வாளருக்கு உறைத்தது: மேற்படி கம்ப்யூட்டர் வானொலியாகிவிட்டது, அதில் அரக்கு இல்லை. நேர்மையான மனிதர். தம்மிடமே விளக்கம் கேட்டார். விளக்கம் திருப்தியளிக்காததால் ஆன் பொத்தான்மேல் அரக்கு வைத்தார். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் அலுவலகம் முழுக்க வைத்தார். போனிலும் ஓடும் என்பதால், பொதுநலன் கருதி, ஊர் மக்களின் போன்களுக்கும் மைக் துளையில் வைத்தார்.

"எங்ககிட்ட அந்த மென்பொருளே இல்லையே!" என்றது போனும் கையுமாக நின்ற ஊர் வரிசை.

"வரும் வாய்ப்பு இருக்கில்ல?"

முதலில் முணுமுணுத்த ஊர் பிறகு அழகு பார்க்க ஆரம்பித்தது. சிவப்பு அரக்கு கௌரவச் சின்னமானது. பேச முடியாத போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்கள் கம்பீரமாக நடந்தார்கள். அரக்கில்லாத போன்காரர் வீட்டில் சம்பந்தம் பேசவே யோசித்தார்கள். கடைகளில் போலி அரக்கு விற்றது.

பெண்மணியின் லேப்டாப்பில் பொத்தான் எங்கே என்று தெரியாததால் ஆய்வாளர் அதன் முதுகில் அரக்கு வைத்தார். முத்திரை இருப்பதால் அது வானொலி. வானொலி என்பதால் உரிமம். அன்றே கிடைத்தது.

பெண்மணி மொட்டைமாடிக்கு ஓடினார்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குதும்மா! உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!" பிறகு கணவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். போன துறைமுகத்துல ஏறின நம்ம ஊர்ப் பசங்க போன்ல எல்லாம் என்னமோ சிவப்பா அரக்கு மின்னுது. என்னோடது மட்டும் மொட்டையா இருக்கு, வெளிய எடுக்கவே கூச்சமா இருக்கு. அந்த ஆய்வாளரைப் பிடிச்சு..."

"நான் விடுவேனா?" என்றார் பெண்மணி. "ரெட்டை அரக்கா சொல்லி வச்சிருக்கேன்."