மிச்சம் அண்ணையும் நின்றுபோன மேளமும்

என் மகளுக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் கணினியைச் சுற்றி நின்றவர்கள்: நான், என் மச்சாள், வீடியோக்காரர், மிச்சம் அண்ணை. கைத்தொலைபேசிக்குள் ரொறன்ரோவிலிருந்து என் பெரியண்ணை. ஐந்து பேரில் நாலு பேருக்கு நெஞ்சு படபடத்தது. மிச்சம் அண்ணைக்கு மட்டும் பரம சந்தோசம். வேலணைத் தீவை விடுங்கள், கடல் தாண்டி எந்தக் கரையில் தேடினாலும், ஒரு பிழையைக் கண்டதும் அப்படி முகம் மலரும் மனிதரைக் காண முடியாது.

மண்கும்பானில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தார். கணினியும், மைக்கின் சத்தத்தை அதற்குள் அனுப்பும் ஒலிப்பெட்டியும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்வதற்கான புரோகிராம் எழுதுவது அவர் தொழில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கணினிக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறதாம். அதற்கு நேரம் தெரியாது, எண்ண மட்டும் தெரியும். கணினியைப் போட்ட கணத்திலிருந்து எண்ணத் தொடங்கும், ஒரு செக்கனுக்குள் ஒரு கோடி. அந்த எண்ணிக்கையைச் செக்கனாக்கி, இந்தச் சத்தம் இந்த நேரத்துக்குரியது என்று சீட்டு ஒட்டவேண்டும். ஒரு கோடியால் பிரிக்கும்போது வரும் மிச்சத்தை எறிந்துவிட்டால், திருவிழா நேரலையில் தவில்காரர் அடித்து முடித்த பிறகு அடி கேட்கும். மிச்சத்தை எறிபவன் அவருக்குக் கொலைகாரன்; அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

ஒருமுறை குறிகட்டுவான் படகுத்துறையில் நயினாதீவு லோஞ்சுக்கு நின்றபோது பக்கத்தில் நின்றவரிடம் நேரம் கேட்டார்.

"பத்து மணி இருக்கும்."

"பத்துக்கு மேலை மிச்சம்?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால் எத்தினை செக்கன்?"

"ஐயா, நீங்கள் லோஞ்சிலை போறியளோ, ரொக்கெற்றிலை போறியளோ?"

லோஞ்ச் போய்விட்டது. அவர் போகவில்லை. அந்த மனிதருடைய மணிக்கூடு எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாராம்.

என் குசினி மணிக்கூட்டிலும் 'நாளுக்கு ஏழு செக்கன் முந்துது' என்று துண்டு ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் புட்டு அவிக்கவே பயம்.

என் கணவர் காலமான பிறகு மகளைப் படிப்பித்து ஆளாக்கியது பெரியண்ணைதான். அவருக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் கிடக்கவேண்டும். பயணம் நினைக்கவே முடியாது. நீரிழிவில் கண்ணும் மங்கிவிட்டது. "எனக்குப் படம் வேண்டாம் தங்கச்சி. தாலி கட்டேக்கை கெட்டிமேளம் கேட்டால் காணும்" என்றார்.

தொலைபேசியில் மேளம் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அதனால் மிச்சம் அண்ணையிடம் போய் நின்றேன். மண்டபத்துச் சத்தத்தை நேரலையாக அனுப்பத் தன் ஒலிப்பெட்டியையும் தானே எழுதிய புரோகிராமையும் தருவதாகச் சொன்னார். "ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் சோதிச்சனான். ஒரு பிசகும் இல்லை. நீர் பயப்பிடாதையும்."

யாராவது பயப்பிடாதையும் என்று சொன்னால்தான் எனக்குப் பயம் தொடங்கும். கலியாணத்துக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கே, மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்த கணினியை ஒருவருக்கும் சொல்லாமல் போட்டுவிட்டேன். சோற்றுக்கு முன்கூட்டியே அடுப்பு மூட்டுவது போல, ஆயத்தமாக இருக்கட்டும் என்று. அடுத்த நாள் மிச்சம் அண்ணை, வீடியோக்காரர் போட்டிருக்கிறார் என்று நினைத்தார். வீடியோக்காரர், மிச்சம் அண்ணை போட்டிருக்கிறார் என்று நினைத்தார்.

ஒன்பதரை தாண்டியது. ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொடுத்துவிட்டார்; அது சபையைச் சுற்றித் திரும்பினால் கட்டுவதுதான். அப்போதுதான் தொலைபேசியில் பெரியண்ணை.

"தங்கச்சி, சத்தம் நிண்டுபோச்சு. மந்திரம் கேட்டது, இப்ப ஒண்டுமில்லை. கட்டியாச்சோ?"

மிச்சம் அண்ணை திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, நேரம் சைபருக்குக் கீழை போயிட்டுது! ஒவ்வொரு சத்தமும் தான் பிறக்கிறதுக்கு முந்தின நேரத்தோடை நிக்குது!"

"அணைச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்கோவன்!"

"உமக்கென்ன விசரே? அணைச்சால் எண்ணிக்கை அழிஞ்சுபோம். பேந்து காரணம் கண்டுபிடிக்கேலாது. ஒரு அரை மணித்தியாலம் தாரும்."

"தாலித் தட்டு மூண்டாம் வரிசைக்கு வந்திட்டுது அண்ணை!"

"ஆறுதலா, மெல்ல மெல்ல வரச் சொல்லும்."

"இந்தாளை நான் தட்டோடை சேர்த்து ஆசீர்வதிக்கப் போறன்" என்று மச்சாள் சேலைத் தலைப்பைச் செருகினாள்.

தொலைபேசியில் பெரியண்ணை மூச்சு விடுவது கேட்டது. நான் குனிந்து கணினியின் வயரைப் பிடுங்கினேன். வாழ்க்கையில் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அது. மிச்சம் அண்ணை செத்தவீட்டில் போலத் தலையில் கைவைத்தார். ஆனாலும் அடுத்த கணம் வயரைத் திரும்பக் குத்தி, கணினியை எழுப்பி, கடகடவென்று தட்டத் தொடங்கினார். தட்டு மணவறைக்குத் திரும்பியது. ஐயர் கையை உயர்த்தினார். மேளம் முழங்கியது. முழங்கியது ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று நாள் மிச்சம் அண்ணை என்னோடு பேசவில்லை. தடயத்தை அழித்தவளாம் நான். நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் உண்மையைச் சொன்னேன்.

"எத்தினை மணிக்குப் போட்டனீர்?"

"முதல் நாள் காலமை எட்டுக்கு."

மிஞ்சிக் கிடந்த கலியாணக் கார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிறகு கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "ஒரு நாளும் ஒண்டரை மணித்தியாலமும்! பிழை என்ரை, தங்கச்சி. மிச்சம் போகக்கூடாதெண்டு பிரிக்கிறதுக்கு முன்னம் பெருக்கிப்போட்டன். எண் வளர்ந்து வளர்ந்து, அதுக்குக் குடுத்த இடத்துக்குள்ளை கொள்ளாமல் வழிஞ்சுபோச்சு. முழுச் செக்கனை முதல் எடுத்து வைச்சிட்டு, மிச்சத்தை மட்டும் பெருக்கியிருக்கவேணும். நான் பின்னேரமானால் அணைச்சிடுவன், ஆயுசுக்கும் இதைக் கண்டிருக்கமாட்டன். உம்மைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி கொம்பனியிலை இருந்திருக்கவேணும்!"

எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு என்னை ஒருவர் மெச்சியது அப்போதுதான்.

போன வருடம் அவர் மகனோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பெரியண்ணை அன்று பதிந்து வைத்த ஒலிப்பதிவை எனக்கும் அனுப்பியிருக்கிறார். சத்தம் திரும்பி வரும் இடத்தில், மேளத்துக்கு முன்னால், மூச்சிரைக்க மிச்சம் அண்ணையின் குரல் கேட்கும்: "ரொறன்ரோ அண்ணை, கேக்குதே?" வீட்டில் தனியாக இருந்து கேட்டாலும், நான் ஒவ்வொரு முறையும் "ஓம், கேக்குது" என்று சொல்லிவிடுகிறேன்.