நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் மாடியைக் காலி செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. போன் பண்ணினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடம் நீங்கள் கீழே, நாங்கள் மேலே வாடகைக்கு என்று இருந்தோம். அத்தனை வருடத்தில் நான் உங்களிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் அரைப் பக்கம் வரும். எனக்கு எழுதினால்தான் வாய் திறக்கும். நம் வீட்டில் முதல் பட்டதாரி என்று பெயர் வாங்கியும் இது மட்டும் மாறவில்லை.

புது வீட்டைப் பற்றி அம்மா உங்களிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அண்ணி" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு மத்தியானம் இருந்தது.

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பதிந்ததோடு வேலை முடிவதில்லையாம். சாவி கைக்கு வருவதற்கு முன் ஒருநாள் போய், மூலை முடுக்கெல்லாம் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போனோம். கம்பெனி இன்ஜினியர் என்னைவிட நாலு வயது பெரியவராக இருப்பார், அவ்வளவுதான். அப்பா அவரைப் பார்த்ததும் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டார். அவர் ஒரு படிவத்தையும் மஞ்சள் ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் என் கையில் கொடுத்து, "எங்கெல்லாம் குறை தெரியுதோ அங்க ஒண்ணு ஒட்டுங்க. அப்புறம் இதுல எழுதி நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எழுதினதை எல்லாம் எங்க செலவுல சரிபண்ணித் தருவோம். எழுதாததுக்கு அப்புறம் வந்து கேட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

நான் ஒட்ட ஆரம்பித்தேன். சமையலறையில் ஒரு டைல் விரிசல் விட்டிருந்தது, ஒட்டினேன். குளியலறைக் கதவு முக்கால்வாசி சாத்தியதும் நின்றுவிட்டது, ஒட்டினேன். ஜன்னல் கொக்கி, ஸ்விட்ச் மூடி, கூடத்துச் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் என்று அறை அறையாக ஒட்டிக்கொண்டே போய், திரும்பி வந்து பார்த்தால் சமையலறை டைலில் ஸ்டிக்கரைக் காணோம். கதவிலும் காணோம். அப்பா எனக்குப் பின்னாலேயே வந்து, ஒவ்வொன்றையும் நகத்தால் நோகாமல் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்! ஏன்ப்பா என்றால், "புதுப் பெயிண்ட்டும்மா. பசை பிடிச்சா நம்ம தலையில கட்டிடுவாங்க" என்கிறார். அம்மா அதற்கும் ஒரு படி மேலே. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துத் துடைத்து, தரையை யாரும் சந்தேகப்படாத அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டிருந்தார்.

அத்தை, இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "மாடியில அந்த அலமாரி முளைச்சு வந்ததா என்ன, நகரவே மாட்டேங்குது" என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதற்குப் பின்னால் சுவர் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்திருந்தது. நாங்கள் குடிவந்த இரண்டாவது வருடமே பெயர்ந்துவிட்டது. காலி செய்வதற்கு முந்தின வாரம் அப்பாவே சிமெண்ட் குழைத்துப் பூசிவிட்டார், ஆகவே கவலை வேண்டாம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மட்டும் பார்க்காமல் இருங்கள்.

மூன்றே முக்காலுக்கு இன்ஜினியர் திரும்பி வந்தார். கூடத்துக் கீறலை மறைத்தபடி அப்பா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், ஏதாவது குறை இருக்கா?"

"நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு சார்!"

"எப்படி இருந்துச்சு?"

"எதுவா இருந்தாலும் சார்."

"அதைத்தானே சார் நானும் கேக்கிறேன்!"

அம்மா உள்ளே இருந்து, "தொட்டிக்கு அடியில நான் துடைச்சுட்டேன் தம்பி, இனிமே ஒழுகாது" என்றார். இன்ஜினியருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. படிவத்துக்குக் கையை நீட்டினார். அது எப்போது அப்பாவிடம் போனது என்று எனக்குத் தெரியாது. குறைகள் என்ற கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்தில், 'ஏதும் இல்லை. வீடு மிகவும் நன்றாக உள்ளது. நன்றி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவருடைய இருபத்தாறு வருடத் தையல் கடைச் சம்பளம், அம்மாவின் இரண்டு வளையல், நான் வேலைக்குப் போய் வாங்கிய கடன், எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்து இன்ஜினியர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூட எனக்குப் பதில் பக்கத்தில் இருப்பவள்தான் குரல் கொடுப்பாள். அப்படிப்பட்ட நான், "குடுக்காதீங்கப்பா!" என்று கத்திவிட்டேன். காலி வீடு இல்லையா, நாலு சுவரும் திருப்பிக் கத்தின.

அப்பா பதறிப்போய், "மெதுவாப் பேசும்மா, கீழே கேட்கப்போகுது" என்றார்.

"கீழே மண்ணுதான்ப்பா இருக்கு! இது தரைத்தளம்! இது நம்ம வீடு. இதுல குறை இருந்தா அவங்கதான் நமக்குப் பதில் சொல்லணும், நாம இல்லை."

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். காலால் ஒருமுறை தட்டியும் பார்த்தார். பிறகு படிவத்தில் தான் எழுதியதை அடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர்களை அள்ளி எடுத்தார். எண்ணிப் பார்த்தோம், முப்பத்தேழு. எது எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. "சமையலறை ஜன்னல், இடது பக்கம், கீழ் மூலை. எழுதிக்கோம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கே மறைக்கலாம் என்று பத்தொன்பது வருடம் யோசித்த மனுஷர் இல்லையா, அடுத்தவர் மறைத்ததும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. "சார், அந்தக் கதவைச் சாத்திட்டு அதுக்குப் பின்னாடி பாருங்க" என்றார். சாத்தினால், பூச்சே இல்லாத சுவர். இப்படி அவர் கண்டுபிடித்தது மட்டும் பதினொன்று.

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "சார், நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"வாடகைக்கு இருக்கேன் சார்" என்றார் அப்பா.

மூன்றே வாரத்தில் நாற்பத்தெட்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் அப்பா தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். சாவி வாங்கிய அன்று மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து வைத்தேன். முகவரி மாற்றியாயிற்று. ஒரு வருடத்துக்குள் புதிதாக விரிசல் தெரிந்தாலும் எழுதிக் கொடுக்கலாம் என்ற தாளை அம்மா புடவைகளுக்கு நடுவில் பத்திரப்படுத்தியிருக்கிறார். எனக்கு இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வருகிறது. அப்பாவும் ஆளே மாறிவிட்டார் அத்தை. நடை மாறிவிட்டது. குதிகாலை ஊன்றி நடக்கிறார். யாரைக் கண்டும் பயமில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் மாடிக்கு அடுத்து வருகிறவர்கள் அதிர்ந்து நடக்காதவர்களாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாடி வீட்டு மருமகள்

பின்குறிப்பு: அப்பா மாறிவிட்டார் என்று மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். வந்த நாளிலிருந்து அது கூடத்தில் தரையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. சுத்தியல் இருக்கிறது, ஆணி இருக்கிறது. தினமும் கடையிலிருந்து வந்ததும் ஆணியைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார், எடுத்துவிடுகிறார். "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிடலாம்" என்கிறார். அத்தைக்கும் இந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிக்கிறார், ஆனால் அடிக்க மாட்டேன் என்கிறார். என் படம் என்பதால் எனக்கு அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். 'தம்பி, ஆணி அடிச்சுக்கோ' என்று ஒரே ஒரு வரி எழுதி, கீழே உங்கள் கையெழுத்தும் போட்டு அனுப்புங்கள் அத்தை. ஒரு ஆணிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.