மருமகன் டிஃபென்ஸில் இருக்கிறார்

தேரா, துபாய்
26.05.2007

என்றும் என் அன்புக்குரிய தங்கை பத்மாசனிக்கு,

அண்ணன் யோகநாதன் எழுதிக்கொள்வது. சுவீடனில் பனி விலகி வெயில் தலைகாட்டியிருக்கும் என்றும், மச்சானின் முழங்கால் அவர் சொல்லுக் கேட்கத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் உன் மச்சாள் பிரஷாந்தியும் வெக்கையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அடிக்கடி தொலைபேசியில் கதைக்கிற அண்ணன் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தான் என்று நீ யோசிப்பாய். நீ "ஹலோ" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான்.

உன் மகன் தாரகன் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துதான் தோளைக் கெடுத்துக்கொண்டான் என்று உனக்குச் சொன்னேன். அது பொய். எங்கள் குளியலறையில் யாரும் விழவில்லை. வழுக்கியது நான். வழுக்கிய இடமும் வேறு.

நீ அவனை இங்கே அனுப்பும்போது சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோளில் ஒப்பரேசன் செய்திருக்கிறது, கோடை முடியும்வரை விளையாடக் கூடாது, மேல்பிரிவுக் கழகம் ஒன்று அவனை எடுக்க விரும்புகிறது, அவர்களுடைய டொக்டர் தோளைப் பார்த்துச் சரி என்றால் கையெழுத்து, அதுவரை பிள்ளை வெயிலில் கிடந்து சாப்பிட்டுத் தூங்கட்டும் என்றாய். பனியே இல்லாத ஊர் என்று நம்பித்தான் துபாய்க்கு அனுப்பினாய். இந்த ஊரில் கூரை போட்டு அதற்குள் பனிக்கட்டித் தரையும் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் தொடக்கம் என் வாய். கந்தோரில் என்னோடு வேலை செய்கிற எல்லோரும் தங்கள் பிள்ளைகளை டொக்டர், எஞ்சினியர் என்று சொல்லும்போது, என் மருமகன் ஐஸில் ஹொக்கி விளையாடுகிறான் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினாறு வயதில் வீட்டை விட்டு வடக்கே போய் ஹொக்கிப் பள்ளியில் சேர்ந்தவன், பதினெட்டில் பெரிய ஆட்களோடு சம்பளத்துக்கு ஆடியவன், அவனைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம். நீ ஒரு நாள் அவன் "டிஃபென்ஸில்", அதாவது எதிரணியைத் தடுக்கிற இடத்தில், ஆடுகிறான் என்றாய் அல்லவா, அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. "மருமகன் சுவீடனில் டிஃபென்ஸில் இருக்கிறார்" என்று சொல்லத் தொடங்கினேன். எங்கள் மனேஜர், கீழக்கரைக்காரர் கலீலுர் ரஹ்மான், அதை இராணுவம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. தாரகன் வந்ததும் இராணுவ அதிகாரியைப் பார்க்க ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பிக்கு அங்க என்ன ரேங்க்கு?" என்று கேட்டார்.

"இந்த முறை நாலாவது. போன வருசம் ஒன்பதாவது," என்றான் உன் மகன். அவன் தன் அணி பட்டியலில் நின்ற இடத்தைச் சொன்னான்.

மனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சண்டையெல்லாம் போட்டிருக்கீங்களா?" என்றார்.

"ரெண்டு மூண்டு தரம். ஒருக்கா பல்லொண்டு போட்டுது," என்று வாயைத் திறந்து காட்டினான்.

"அடடா. அப்புறம் என்ன செஞ்சாங்க?"

"அஞ்சு நிமிசம் வெளியில இருத்தி வைச்சவங்கள்."

அதற்கு மேல் நான் குறுக்கே பாய்ந்து இடியப்பம் பரிமாறியும் பயனில்லை. பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவன், எல்லாவற்றையும் விளக்கிவிட்டான். மறுநாள் கந்தோரில் மனேஜர், "யோகநாதன், ஐஸுக்கு எதுக்குய்யா டிஃபென்ஸு, அத யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று கேட்க, தேநீர் கொண்டுவந்த ஆள்வரை சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு கனடாக்காரர் வெள்ளி பின்னேரங்களில் நண்பர்களோடு ஐஸ் ஹொக்கி ஆடுவார். அவரிடம் போய் மருமகனுக்கு ஓர் இடம் கேட்டேன். மருமகனிடம் கடைசியாகத்தான் கேட்டேன்.

"மாமா, டொக்டர் கூடாதெண்டவர்."

"ஆர் உன்னை ஓடச் சொன்னது? சும்மா நிண்டாக் காணும். மனேஜர் ஒருக்காப் பாக்கட்டும்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரி மாமா, நிக்கிறன்," என்றான். அந்த முகத்தை அப்போது நான் எப்படி வைத்திருந்தேனோ தெரியாது, அதை நினைத்தால் இன்றைக்கும் கண்ணாடி பார்க்க மனமில்லை.

பத்மா, உன் மகன் ஆடுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மற்றவர்கள் முன்னால் பாய்ந்து வர, இவன் அவர்களைப் பார்த்தபடியே பின்னால் வழுக்கிப் போகிறான். எதிராளி இடப்பக்கம் வெட்டினால் இவன் அங்கே நிற்கிறான், வலப்பக்கம் வெட்டினால் அங்கேயும் நிற்கிறான். பிறகு மேசையில் இருந்து மூக்குக்கண்ணாடியை எடுப்பதுபோல அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை மெல்ல எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கலீலுர் ரஹ்மான் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "மாஷா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு முதுகுலயும் கண்ணு இருக்குய்யா," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்த நெஞ்சோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து ஒரு தடியன் வந்து தாரகனைப் பனித்தரையைச் சுற்றியிருந்த மதிலோடு சேர்த்து நெருக்கினான். அது விளையாட்டில் உள்ளதுதான், அதையும் அவன் பதமாகத்தான் செய்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒப்பரேசன் செய்த தோள் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு, கந்தோர்ச் சப்பாத்தோடு, "உனக்கு அறிவிருக்கோ" என்று தமிழில் கேட்டபடி பனிக்கட்டியில் இறங்கினேன். கேள்வி முடியுமுன் நான் மல்லாந்து போய்க்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பேர் நிறுத்த முடியாத வேகத்தில் வருகிறார்கள், அவர்களுடைய காலில் கத்திபோல இரும்பு. தாரகன் வட்டை விட்டுவிட்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து என்னைத் தடுத்துப் பிடித்தான். நான் அவன் காலை வாரிவிட்டேன். இருவரும் சேர்ந்துபோய் மதிலில் மோதினோம். அவன் கீழே, நான் மேலே. என் நிறை உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிப் போட்டிருந்தபோது அவன் முதலில் கேட்டது, "மாமா, உங்களுக்கு எங்கையும் நொந்ததோ?" என்பதைத்தான். நான் தாதியருக்கு முன்னால் அழுதேன். "ஏன் மாமா அழுறியள், என்ரை வேலையே அதுதானே. வாறவனுக்கு முன்னாலை போய் விழுறது," என்றான். அப்படிப்பட்ட பிள்ளையின் வாயில் குளியலறைக் கதையைத் திணித்தவன் நான். "அம்மா நம்பமாட்டா," என்றான். நீ நம்பிவிட்டாய்.

மேல்பிரிவுக் கழகம் இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிள்ளை இன்னொரு வருடம் வடக்கே இப்போது ஆடுகிற அந்தச் சின்ன ஊர் அணியிலேயே ஆட வேண்டும். அதைச் சொல்லும்போதும் நீ எனக்கு ஆறுதல் சொல்கிறாய். ஒவ்வொரு முறையும் "அண்ணை, பாத்ரூமுக்கு ரப்பர் விரிப்புப் போட்டாச்சோ?" என்று அக்கறையாகக் கேட்கிறாய். ஒன்றுக்கு மூன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், பத்மா. ஒவ்வொரு நாளும் அதில் நின்று குளிக்கும்போது உடம்பு கூசுகிறது.

என்னைத் திட்டு. மச்சானிடமும் சொல்லித் திட்டச் சொல். ஆனால் கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதே. தாரகனின் தோள் இரும்பாகவும், உங்கள் வீடு சிரிப்பாகவும் இருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு, தலைகுனிந்து முடிக்கிறேன்.

உன் அண்ணன்,
யோகநாதன்

பி.கு.: மச்சாள், இது பிரஷாந்தி. தபாலில போடச் சொல்லி இவர் தந்தவர், ஒட்ட முதல் வாசிச்சுப்போட்டன். ஒருமாதிரிக் கடைசியில எழுதிப்போட்டார். தாரகன் அண்டைக்கே ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு எல்லாம் சொன்னது இவருக்கு இன்னும் தெரியாது, நானும் மூச்சு விடேல்லை. நீங்கள் சொன்னது சரிதான், தானா எழுதட்டும் எண்டு விட்டது நல்லதாப் போச்சு. மனிசன் இப்ப கந்தோரில ஆரைப் பற்றியும் பெருமை பேசுறேல்லை, பின்னேரம் தேத்தண்ணி போட்டுத் தாறார், நான் சொல்ல முதலே மரக்கறி வெட்டி வைக்கிறார். கலியாணம் கட்டின நாளில இருந்து நான் இப்பிடி ஒரு சுகம் காணேல்லை. அதால, கடிதம் கிடைச்ச கையோட மன்னிச்சுப்போடாதேங்கோ. பிள்ளை ஆவணியில திரும்ப விளையாடத் தொடங்குவான்தானே, அதுவரைக்கும் இழுங்கோ.