பவளக்காலிக்குக் கால் தெரியவில்லை

ஒரு காட்டில், காடு என்றதும் சிங்கத்தைத் தேடாதீர்கள், இது கடலோரச் சேற்றில் முளைத்த அலையாத்திக் காடு, சிங்கம் வந்தால் இடுப்புவரை புதைந்து நிற்க வேண்டியதுதான், அப்படிப்பட்ட காட்டில் கோமளம் என்றொரு பவளக்காலிப் பறவை வந்து இறங்கியது. கால் இரண்டும் பவளம்போல் சிவப்பு. அதனால்தான் அந்தப் பெயர். பனி நாட்டிலிருந்து பல நாள் பறந்து வந்ததில் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கடல் வற்றிய நேரம். சேறு முழுக்கப் புழு. வெள்ளம் ஏறுவதற்குள் தின்றாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது.

கோமளம் அலகைத் தாழ்த்தியதுதான் தாமதம், "நில்லுங்கம்மா!" என்றது ஒரு குரல். வளை வாசலில் ஆராவமுதன் என்ற நண்டு, கொடுக்கில் முத்திரையோடு உட்கார்ந்திருந்தது. "வெளியூர்ப் பறவைங்க படிவத்துல போட்டோ ஒட்டி, முத்திரை வாங்கிட்டுத்தான் மேயணும்."

இது யார் போட்ட விதி என்று கேட்காதீர்கள். கேட்பவர்களுக்கு வேறொரு படிவம் இருக்கிறது.

போட்டோ எடுப்பது நரி. முருங்கைக்காய் நீளக் கேமராவோடு சேற்றில் குப்புறப் படுத்திருந்தது. கோமளம் இரண்டடி பின்வாங்கி, "என்னைத் தின்னுடுவீங்களா?" என்றது.

"தின்னுறதா? இவ்வளவு நல்ல வெளிச்சத்துலயா?" என்று நரி கோபித்துக்கொண்டது. "கொஞ்சம் கடலைப் பாருங்க. சோகமா. ஆங், அப்படியே!"

படத்தை நண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பேரு பவளக்காலி. பவளம் எங்கம்மா?"

"சேத்துக்குள்ள இருக்கு சார்."

"அப்ப இது வெறும் காலி. கழுவிட்டு வாங்க."

கோமளம் காலைக் கழுவிக்கொண்டு வந்தது. அசதியில், அதன் வழக்கப்படி, ஒரு காலை இறகுக்குள் மடக்கிக்கொண்டு நின்றது. நரி சொக்கிப்போய் நாற்பது படம் எடுத்தது. நண்டுக்குத்தான் முகம் கறுத்துவிட்டது.

"ஒத்தக்கால்ல நிக்கிறீங்க! ஆபீஸ்ல வந்து பிடிவாதமா?"

"எங்க இனமே இப்படித்தான் சார் நிக்கும்."

"இனமே பிடிவாதமா?" என்று கேட்டு, கோப்பில் 'போராட்டக்காரர்' என்று எழுதிக்கொண்டது.

மூன்றாவது தடவை எடுத்த படத்தில் இரண்டு காலும் தெரிந்தன. ஆனால் பசி மயக்கத்தில் கண் மூடியிருந்தது. அதற்குள் வெள்ளம் ஏறத் தொடங்கிவிட்டது. நண்டு வளையை அடைக்க மண் உருட்டியது.

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நான் உயிரோட இருக்க மாட்டேன் சார்!"

"அப்ப வாரிசுச் சான்றிதழோட யாரையாவது அனுப்புங்க."

கோமளத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தது. காலையிலிருந்து 'சார்' 'சார்' என்று கூப்பிட்டதில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருப்பது நண்டு. அதுவும் நல்ல சதைப்பற்றான நண்டு.

ஒரே கொத்து. முத்திரையோடு உள்ளே போய்விட்டது.

"அடடா! பிரமாதம்! இன்னொரு தடவை முழுங்குங்க!" என்று நரி கத்தியது.

கோமளத்துக்குப் பின்னால் உள்ளான், உப்புக்கொத்தி என்று வெளியூர்ப் பறவைகள் படிவத்தோடு வரிசையில் நின்றிருந்தன. ஒரு பறவைகூட இடம் மாறாமல், அந்த வரிசை அப்படியே கோமளத்தின் பக்கம் திரும்பியது. முதலில் நின்ற உள்ளான் பணிவாகப் படிவத்தை நீட்டியது.

"மேடம், முத்திரை உங்க வயித்துலதானே இருக்கு?"

கோமளத்துக்கு அப்போது ஓர் ஏப்பம் வந்தது. படிவத்தில் பளிச்சென்று முத்திரை விழுந்தது.

அடுத்த உப்புக்கொத்தியும் படிவத்தை நீட்டியது. கோமளம் எவ்வளவோ முக்கிப் பார்த்தது. ஏப்பம் வரவில்லை.

"வெறும் வயித்துல எப்படிங்க வரும்?" என்றது கோமளம், வளை வாசலில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. "ஏதாவது கொண்டாங்க."

நீதி: பசித்தால் அதிகாரியைத் தின்னலாம், தப்பில்லை. முத்திரையையும் சேர்த்துத் தின்றால்தான் பசி அடங்கவே அடங்காது.